பட்டறையில் பிறக்கும் அருவம்
திரை அச்சோவியரின் தனிக் கண்காட்சியை முன்வைத்து ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு



1990களின் கடைசி ஆண்டுகளில், எடின்பரோ நகருக்கு அருகே இயங்கிய கிரால் பிரஸ் என்ற சிறிய அச்சுப் பட்டறையோடு ஓவியர் வில்ஹெல்மினா பார்ன்ஸ்-கிரஹாம் கைகோத்தார். அப்போது அவருக்கு வயது 85ஐத் தாண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தவர். 1940இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரை ஊரான செயின்ட் ஐவ்ஸுக்குப் போய், பிறகு அந்த இரண்டு ஊர்களையுமே தன் ஊராக ஆக்கிக்கொண்டவர். அந்த வயதில் ஓவியர்கள் பழைய வேலைகளைத் தொகுத்து வைப்பார்கள். இவரோ திரை அச்சில் முழு வேகத்தோடு இறங்கினார். 2004 ஜனவரியில் 91 வயதில் இறக்கும்வரை அந்த வேலை நிற்கவில்லை. அகலமான தூரிகை வீச்சுகளும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக, எந்தப் பொருளின் உருவத்தையும் தாங்காத தாள்கள் வரிசையாக வந்தன.

அந்தத் தாள்களில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறது. அவற்றுக்குப் பின்னால் கேரல் ராபர்ட்சன் என்ற அச்சுக் கலைஞரின் பட்டறையும் இருக்கிறது. இந்த உரை சொல்ல வருவது அதைப் பற்றித்தான். திரை அச்சில் அருவக் கலை செய்யும் ஒருவரின் தனிக் கண்காட்சிக்குப் போகும்போது சுவரில் ஒரே பெயரைப் பார்க்கிறோம். அந்தப் பெயர் தனியாக அங்கே வந்து சேர்ந்ததில்லை. எங்கெல்லாம் இந்தக் கலை செழித்ததோ, அங்கெல்லாம் கடைவீதித் தொழில் தெரிந்த ஒரு பட்டறை ஓவியருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அந்தத் தொழில் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருப்பதால், இது நமக்கு மிக நெருக்கமான விஷயம்.

நமக்குத் தெரிந்த தொழில்

கல்யாணப் பத்திரிகையின்மேல் விரலை ஓட்டினால் பொன்னிற எழுத்துகள் மெல்ல மேடாகத் தட்டுப்படும். ஜவுளிக்கடையின் மஞ்சள் பையில் கடைப் பெயர் ஒரே அடர்த்தியில் பளிச்சென்று இருக்கும். திருப்பூர் பனியன்களில் படம் ஏறுவதும் பெரும்பாலும் இதே முறையில்தான். திரை அச்சை ஸ்கிரீன் பிரிண்டிங் என்று சொன்னால் விளக்கம் கேட்கும் தமிழர் குறைவு. ஆனால் அதை ஓவியத்தோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

செய்முறை எளிமையானது. மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன சட்டத்தில் நெருக்கமான நெசவுள்ள துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் பட்டு, இப்போது பாலியஸ்டர். அதன்மேல் ஒளி பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, மங்கலான மஞ்சள் விளக்கில் காயவைக்கிறார்கள். மேலே படம் வரைந்த பாசிட்டிவ் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், கறுப்பு மறைத்த இடத்தில் மட்டும் எமல்ஷன் இறுகாமல் நிற்கும். தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த இடம் கரைந்து திறந்துகொள்ளும். கீழே தாளை வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பிளேடு பொருத்திய ஸ்க்வீஜியால் ஒரே சீராக இழுத்தால் திறந்த கண்களின் வழியே மை இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. மூன்று நிறம் வேண்டுமென்றால் மூன்று திரை, மூன்று இழுப்பு, நடுவில் இரண்டு முறை காயவிடல்.

இந்த முறையின் வேர் வெட்டுத்தகடுகளில் இருக்கிறது. ஜப்பானில் துணிக்கு நிறமேற்ற நுட்பமான வெட்டுத்தாள்களைப் பயன்படுத்தினார்கள். துணித்திரை வழியே அச்சிடும் முறைக்கு மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் சுமார் முப்பது ஆண்டுகள் அது கொடி, விளம்பரப் பலகை, கடை அட்டை ஆகியவற்றின் தொழிலாகவே இருந்தது.

நியூயார்க், 1938

திரை அச்சை ஓவியர்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆண்டனி வெலோனிஸ். கடை விளம்பர அட்டைகளை அச்சிடும் வேலையில் பழகியவர். அமெரிக்காவில் பெருமந்த காலத்தில் வேலையற்ற ஓவியர்களுக்கு அரசே சம்பளம் கொடுத்து வேலை தந்தது. அந்தக் கூட்டரசு கலைத் திட்டத்தின் நியூயார்க் கிளையில் 1938இல் திரை அச்சுக்கென்று ஒரு தனிப் பிரிவு உருவானது. அதன் தலைமையில் இருந்தவர் வெலோனிஸ். சட்டம் கட்டுவது, மை கலப்பது, தாளைப் பொருத்துவது எல்லாவற்றையும் விளக்கி ஓவியர்களுக்காக ஒரு கையேடும் எழுதினார். அதே 1938இல் கை மெக்காய் நியூயார்க்கில் நடத்திய காட்சி, திரை அச்சோவியங்களை மட்டும் வைத்து ஓர் ஓவியர் நடத்திய முதல் தனிக் கண்காட்சியாகக் கருதப்படுகிறது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது செலவு. லித்தோகிராஃபிக்குக் கனமான கல்லும் இயந்திரமும் வேண்டும். எச்சிங்குக்குச் செப்புத்தகடும் அமிலமும் உருளை அழுத்தியும் வேண்டும். திரை அச்சுக்கு ஒரு மேசை போதும். படமும் இடவலம் மாறாமல் வரைந்தபடியே விழும். கையில் காசில்லாத ஓவியர்கள் இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. சில்வியா வால்ட் போன்றவர்கள் சமூகக் காட்சிகளில் தொடங்கி, 1940களின் முடிவில் மையைத் தடிப்பாகவும் அடுக்கடுக்காகவும் ஏற்றி அருவத்துக்கு நகர்ந்தார்கள்.

கையை விலக்கிய ஓவியர்

அருவ ஓவியமும் திரை அச்சும் ஏன் இவ்வளவு பொருந்திப்போயின என்பதைக் காண ஜோசப் ஆல்பர்ஸிடம் போக வேண்டும். 1888இல் ஜெர்மனியின் போட்ராப் ஊரில் பிறந்தவர். பௌஹவுஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர். 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் அந்தப் பள்ளி மூடப்பட்டதும் அமெரிக்கா போனார். 1950இல் நியூ ஹேவன் நகரில் உள்ள யேல் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார். அதே ஆண்டில் ‘சதுரத்துக்கு மரியாதை’ என்ற தொடரைத் தொடங்கி, 1976இல் இறக்கும்வரை விடாமல் செய்தார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அல்லது நான்கு சதுரங்கள், அடிப்பக்கம் சற்றே தாழ்ந்து நிற்கும். வடிவம் மாறாது, நிறம் மட்டும் மாறும். அழுத்தட்டையின் மேல் குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைக் கத்தியால் தடவி, எந்த நிறுவனத்தின் எந்த வண்ணம் என்று பின்பக்கத்தில் குறித்துவைப்பார்.

அவர் தேடியது ஒன்றுதான். ஒரே பச்சை, ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நீலமும் சூழும்போது கண்ணுக்கு இரண்டு பச்சையாகத் தெரிகிறது. இதைக் காட்ட வேண்டுமானால் அந்தப் பச்சை இரண்டு இடத்திலும் துளியும் மாறாத ஒரே பச்சையாக இருக்க வேண்டும். தூரிகைத் தடம் இருந்தால் கண் அந்தத் தடத்தில் சிக்கும். பத்திரிகைகளின் நான்கு வண்ண அச்சிலோ பச்சை என்பதே சிறு புள்ளிகளின் கூட்டம். ஒரே டப்பாவில் கலந்த மையைத் திரை வழியே முழுத் தகடாக இறக்கும்போதுதான் அந்தச் சமம் கிடைக்கிறது. அதனால்தான் 1963இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நிறப் பாடங்களை 80 வண்ணத் தாளுறைகளோடு ‘நிறங்களின் ஊடாட்டம்’ என்ற பெரும் நூலாக வெளியிட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை திரை அச்சில் ஏறின.

அச்சு வேலையை மேற்பார்வையிட்டவர்கள் நார்மன் ஐவ்ஸ், சூவல் சில்மன் என்ற அவருடைய இரு பழைய மாணவர்கள். அதே நியூ ஹேவனில் இருந்தவர்கள். ஐவ்ஸ்-சில்மன் என்ற அவர்களுடைய பதிப்பகத்தின் முத்திரை ஆல்பர்ஸின் பல அச்சோவியங்களின் ஓரத்தில் மையில்லாமல் அழுத்திப் பதிந்திருக்கிறது. 1971இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய பின்னோக்குக் கண்காட்சி நடத்தியது. உயிரோடிருந்த ஓவியர் ஒருவருக்கு அந்த அருங்காட்சியகம் அப்படியொரு தனிக் கண்காட்சி நடத்தியது அதுவே முதல் முறை. ஓவியங்களோடு அச்சோவியங்களும் அதில் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு அவர் வாழ்நாள் ஆராய்ச்சியைத் தொகுத்து 127 திரை அச்சுகள் இரண்டு பேழைகளாக, 1,000 பிரதிகள் வந்தன. உலகம் அறிந்த ஓவியர்தான், ஆனால் அந்த அச்சு வேலை தன் ஊரின் பட்டறையை நம்பி நடந்தது.

லண்டன் சந்துக்குள்

லண்டனிலும் கதை இதேதான். கிறிஸ் பிரேட்டரும் அவர் மனைவி ரோஸும் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய கெல்ப்ரா பட்டறை, முதலில் விளம்பரத் தாள்களை அச்சிட்டுப் பிழைத்தது. 1961இல் கார்டன் ஹவுஸ் தன் அருவ வடிவங்களோடு அங்கே வந்தார். அதுதான் அந்தப் பட்டறையின் முதல் கலை அச்சு. மூன்றே ஆண்டுகளில், 1964இல், லண்டன் தற்காலக் கலை நிறுவனத்துக்காக 24 ஓவியர்களின் திரை அச்சுத் தொகுப்பு அங்கிருந்து வெளிவந்தது. 1965இல் பிரிட்ஜெட் ரைலி தன் கறுப்பு வெள்ளை வடிவங்களை ஏழு தனித் துண்டுகளாகப் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் தகட்டில் அச்சிட்டார். கறுப்பு முடியும் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் இல்லையென்றால் ரைலியின் படங்களில் கண் கூசும் அந்த அசைவு நடக்காது. விளம்பரத் தொழில் பழக்கிய கை அந்த விளிம்பைக் கொடுத்தது.

‘ஓவியர் தன் கையாலே அச்சிடவில்லையே, இது எப்படி அசல் ஆகும்?’ என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இன்றும் எழுகிறது. இந்தியாவில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் நியாயம் உண்டு. மூத்த ஓவியர்களின் கேன்வாஸ் படங்களை அப்படியே நகலெடுத்து, எண் போட்டு, செரிகிராஃப், அதாவது திரை அச்சோவியம், என்று விற்கும் வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. அது நல்ல நகல், அவ்வளவே. திரையில் முடிவெடுத்து, திரையிலேயே மாற்றி, திரையில் முடிந்த படம் வேறு. அதற்கு மூலக் கேன்வாஸ் என்று எதுவும் கிடையாது. இழுத்தவர் யார் என்பதைவிட, முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டன என்பதே அசலைத் தீர்மானிக்கிறது.

கையைக் காப்பாற்றிய பட்டறை

இனி பார்ன்ஸ்-கிரஹாமிடம் திரும்பலாம். ஆல்பர்ஸ் கையின் தடத்தை அழிக்கத் திரையிடம் வந்தார். இவர் தடத்தோடு வந்தார். எடின்பரோ கலைக் கல்லூரியில் பயின்று 1937இல் பட்டயம் பெற்றவர். செயின்ட் ஐவ்ஸில் பென் நிக்கல்சன், பார்பரா ஹெப்வொர்த், நவும் காபோ போன்றவர்களின் வட்டத்தில் வளர்ந்தார். 1949இல் பென்வித் கலைச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அந்த ஊரின் கலை வரலாற்றில் ஆண்களின் பெயர்கள் நெடுங்காலம் முன்னால் நின்றன, இவர் பெயர் பின்னால் தள்ளப்பட்டது.

அவருடைய பார்வையைத் திருப்பியது சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்ட் பனியாறு. பனிக்கட்டியின் மேற்பரப்பையும் உள்ளிருப்பதையும் ஒரே பார்வையில் காண முடிந்தது அவரை விடவில்லை. அடுத்த சில ஆண்டுகள் ஒளி ஊடுருவும் தளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்தார். 1960இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அருகே பல்முங்கோ என்ற வீடு அவருக்கு உரிமையாக வந்தது. அதன்பின் வாழ்க்கை இரண்டு ஊர்களுக்கும் இடையே நகர்ந்தது. செயின்ட் ஐவ்ஸில் அவருடைய பணியறையின் சன்னல் போர்த்மியோர் கடற்கரையைப் பார்த்தபடி இருந்தது.

கிரால் பிரஸ் அவருக்குத் தந்த வசதி, கேட்கச் சின்னதாகத் தோன்றும். கேரல் ராபர்ட்சனும் ராபர்ட் ஆடமும் நடத்திய அந்தப் பட்டறை, கரைப்பான் நெடி இல்லாத நீர்வழி மைகளில் தேர்ந்தது. வயதான ஒருவர் நாள் முழுக்க இருந்து வேலை செய்ய அதுவே ஒரு வரம். அதைவிடப் பெரியது, தூரிகைத் தடத்தைச் சேதமில்லாமல் திரைக்கு மாற்றும் திறமை. ஒளிபுகும் ஃபிலிமின்மேல் ஓவியர் அடர்ந்த வண்ணத்தால் ஒரு வீச்சு வீசுகிறார். தூரிகை மயிர் பிரிந்து போன கீறல், முடிவில் வறண்டு சொரசொரத்த வால், எல்லாம் ஃபிலிமில் நிற்கின்றன. வெளிச்சம் காட்டியதும் அதே கீறலும் அதே வாலும் திரையில் திறந்துகொள்கின்றன.

கேன்வாஸில் வீச்சும் நிறமும் ஒரே நொடியில் விழும். சிவப்பில் இழுத்தால் சிவப்புதான். திரையில் அவை இரண்டும் பிரிந்துவிடுகின்றன. வீச்சு இன்று, நிறம் நாளை. நேற்றுச் சிவப்பாக இருந்த அதே தடம், ஒரு மயிர்க்கீறல்கூட இடம் மாறாமல், இன்று ஆரஞ்சாகும். பக்கத்து நீலம் கனமாகப் பட்டால் அதை மட்டும் மென்மையாக்கலாம், மேலே ஒளி ஊடுருவும் மஞ்சளை ஏற்றிப் பார்க்கலாம். பனியாற்றில் அவர் ஐம்பது ஆண்டுக்கு முன் கண்ட அடுக்குகள், இப்போது மையின் அடுக்குகளாகவே கைக்கு வந்தன. அறுபது ஆண்டு பழகிய கையின் துணிச்சல் ஃபிலிமில் இருந்தது, அந்த வயதுக்குரிய நிதானம் நிறத் தேர்வில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நின்று மையைக் கலந்து, சோதனைத் தாளை இழுத்து நீட்டியது பட்டறை.

சுவரின் முன் நிற்கும்போது

இப்படி வந்த படங்களைத் தொகுப்புக் கண்காட்சியில் ஒற்றைத் தாளாகப் பார்த்தால் அதிகம் பிடிபடாது. ‘இதில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வியோடு பார்வையாளர் நகர்ந்துவிடுவார். அதே ஓவியரின் இருபது தாள்கள் ஒரே அறையில் இருக்கும்போது நிலைமை மாறுகிறது. மூன்றாவது தாளில் பார்த்த வளைவு ஏழாவதில் தலைகீழாக வருகிறது. இங்கே முன்னால் நின்ற கறுப்பு அங்கே பின்னால் போயிருக்கிறது. எது திரும்பத் திரும்ப வருகிறது, எது கைவிடப்படுகிறது என்பது தெரியத் தெரிய, ஓவியர் எப்படி யோசிக்கிறார் என்பது புரியத் தொடங்குகிறது. ஒரே திரைகளை வைத்து நிறத்தை மட்டும் மாற்றிப் பார்க்கும் வசதி இருப்பதால், இந்த யோசனையைத் திரை அச்சு போல வெளிப்படையாகக் காட்டும் கலை குறைவு.

தாளின் அருகே போய் இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். மஞ்சளின்மேல் நீலம் ஏறிய இடத்தில் மை இரட்டைத் தடிப்பாக இருக்கும். சாய்வாகப் பார்த்தால் சின்ன வரப்பு தெரியும். நீலம் ஒளி ஊடுருவும் மையாக இருந்தால் அந்த இடம் பச்சையாகும். யாரும் பச்சை மையை ஊற்றவில்லை, திரை வெட்டவும் இல்லை, ஆனாலும் மூன்றாவது நிறம் ஒன்று கிடைத்திருக்கிறது. அருவ ஓவியர்கள் காத்திருப்பது இந்த மூன்றாவது நிறத்துக்காகத்தான். சில இடங்களில் இரண்டுக்கும் நடுவே மயிரிழை அகலத்தில் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். அது ஓவியர் விட்ட இடைவெளியா, தாள் நகர்ந்ததா என்று யோசிப்பது பயனுள்ள பயிற்சி. ஈரக்காற்றில் தாள் விரியும், நீர்வழி மை பட்டால் நெளியும். கடலோர ஊர்களில் பல நிறங்களைப் பொருத்தி அச்சிடுவது எவ்வளவு பாடு என்பதை அந்த மயிரிழை சொல்லும்.

அடியில் பென்சிலால் எழுதிய 12/40 போன்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். நாற்பது தாள்களில் இது பன்னிரண்டாவது என்று பொருள். கேன்வாஸ் வாங்க முடியாத ஒரு பள்ளி ஆசிரியரோ வங்கி ஊழியரோ அசல் கலைப்படைப்பை வீட்டுச் சுவரில் மாட்ட இந்த எண் வழி செய்கிறது.

நம் ஊரில் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் அருவ ஓவியத்துக்கு அடித்தளம் உறுதியாக இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் உருவான சோழமண்டலம், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று ஓவியர்கள் தங்கள் கலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று காட்டியது. கே.எம். ஆதிமூலமும் அச்சுதன் கூடல்லூரும் அருவ வண்ணத்தைச் சென்னைச் சுவர்களுக்குப் பழக்கினார்கள். தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் அச்சோவியத்திலேயே பறத்தலையும் வெளியையும் பற்றிய தன் அருவ மொழியைக் கண்டடைந்தார். எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன.

இன்னொரு பக்கம், திருப்பூரின் நீண்ட அச்சு மேசைகளில் ஆறேழு நிறங்களை வரிசையாகப் பொருத்தி இழுக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். எந்த மைக்கு எந்தக் கண் அளவுள்ள துணி, எவ்வளவு அழுத்தம், மழைக்காலத்தில் எவ்வளவு நேரம் காயவிட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்த பாடம். வெலோனிஸும் பிரேட்டரும் இதே மாதிரி இடத்திலிருந்துதான் வந்தார்கள். நம் ஓவியரும் நம் தொழிலாளியும் ஒரே மேசைக்கு வந்து சேர்வதுதான் இங்கே குறைவு. கவின்கலைக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை ஒரு பருவமாவது இந்தப் பட்டறைகளுக்கு அனுப்பலாம். பட்டறைக்காரர்களைக் கல்லூரிக்கு அழைத்து வகுப்பெடுக்கச் சொல்லலாம், அதற்குரிய மதிப்பூதியத்தோடு.

உள்ளூர்த் திரை அச்சோவியர் ஒருவர் தனிக் கண்காட்சி வைக்கும்போது காட்சிக்கூடங்கள் செய்யக்கூடிய சில வேலைகளும் உண்டு. முடிந்த தாள்களோடு, முதல் நிறம் மட்டும் ஏறிய தாள், இரண்டாவது ஏறிய தாள் என்று சோதனை அச்சுகளையும் வரிசையாக மாட்டலாம். ஒரே படத்தின் நிற மாற்றங்கள் இருந்தால், அவற்றைப் பிரித்து விற்பதற்கு முன் கண்காட்சி முடியும்வரையாவது பக்கத்தில் பக்கம் வைக்கலாம். ஃபிலிமையும் கழுவாத ஒரு திரையையும் கூடத்தின் நடுவே வைத்தால், பார்வையாளர்களின் பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைக்கும். படத்தின் கீழ் ஒட்டும் சீட்டில் ஓவியர் பெயர், ஆண்டு, எத்தனை திரை, எத்தனை பிரதி என்ற விவரங்களோடு, அச்சிட்ட பட்டறையின் பெயரும் ஊரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஐவ்ஸ்-சில்மனின் பெயரை இன்று அருங்காட்சியகப் பட்டியல்கள் குறிக்கின்றன. திருப்பூரிலோ சிவகாசியிலோ உள்ள ஒரு பட்டறையும் அப்படித் தன் முத்திரையைத் தாளின் ஓரத்தில் பதித்துத் தரும் நாள் வர, முதல் கண்காட்சியின் கையேட்டிலேயே அந்தப் பெயரை அச்சேற்றத் தொடங்கலாம்.